சவாசனத்தில் ஒரே ஒருமுறை வந்த ஆனந்தம், அப்புறம் ஏன் வரவேயில்லை?

மூன்றாவது மாடி கேட்கிறார்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போல இருக்கிறது.

மூன்றரை வருடமாக யோகா செய்கிறேன். முதுகுவலிக்காக ஆரம்பித்தது. வலி ஆறு மாதத்தில் போய்விட்டது, பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. காலை 5.20க்குப் பாயை விரித்தால் சூரிய நமஸ்காரம் 12 சுற்று, ஏழெட்டு ஆசனங்கள், மூக்குத் துவாரத்தை மாற்றி மாற்றி மூச்சுவிடும் நாடி சுத்தி 10 நிமிடம், அசையாமல் மல்லாந்து படுக்கும் சவாசனம், கடைசியில் 20 நிமிடம் தியானம். ஒரு நாளும் விட்டதில்லை. ஒரு நோட்டில் தினமும் டிக் போட்டு வருகிறேன். நோட்டு இரண்டாவது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள். இரவெல்லாம் மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. சவாசனத்தில் படுத்திருந்தேன். ஜன்னலுக்கு மேலே இருக்கும் தகரத்தில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு விழும், சத்தம் அடங்கும், கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது, மறுபடி ஒரு சொட்டு. அப்படி இரண்டு சொட்டுக்கு நடுவில் இருந்தபோது, எனக்கு எதுவுமே வேண்டியிருக்கவில்லை என்பது திடீரென்று தெரிந்தது. அவ்வளவுதான். வெளிச்சமோ உருவமோ எதுவும் தெரியவில்லை. மார்புக்குள் யாரோ மெதுவாக ஒரு முடிச்சை அவிழ்த்தது போல இருந்தது. நாலைந்து நிமிடம் இருந்திருக்கும். எழுந்தபோது இரண்டு காதும் ஈரம். கண்ணீர் வழிந்து காதுக்குள் போயிருக்கிறது, அழுததே எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு முழுவதும் யார் என்ன சொன்னாலும் மனசு சுளிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருமுறைகூட வரவில்லை. அதே நேரம், அதே பாய், அதே வரிசை, அதே ஜன்னலைத் திறந்து வைத்து முயன்றேன். மழைச் சத்தத்தைக் கைபேசியில் ஓடவிட்டும் பார்த்தேன். இப்போதெல்லாம் தியானம் முடிந்ததும் ஒரு வேலை முடிந்த திருப்தி வருகிறது, வேறெதுவும் இல்லை. போன வாரம் ஒன்பதாம் வகுப்பு படிக்கிற என் மகன், "ஏம்மா, தினமும் தியானம் பண்றே, அப்படியும் எப்பவும் கோவமாவே இருக்கியே" என்றான். அவன் குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதுதான் உறுத்துகிறது.

அன்றைக்கு வந்தது உண்மையா, தூக்கக் கலக்கமா? யோகா ஆரோக்கியத்தோடு நின்றுவிடுமா, ஆனந்தமும் தருமா? தரும் என்றால் நான் எங்கே தவறுகிறேன்?

வெளிமூச்சு பதில்:

சகோதரி, 19 வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் கேட்ட கேள்வியோடு வருகிறவர்கள் நிறைய பேர். ஆனால் பெரும்பாலும் கேட்காமலே பயிற்சியை விட்டுவிடுவார்கள். நீங்கள் கேட்டது நல்லது.

முதலில், அன்றைக்கு வந்தது உண்மைதான். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி மனதைச் சிதறடிக்கும் தடைகள் என்று 9 சொல்கிறார். நோய், மந்தம், சந்தேகம், கவனக்குறைவு, சோம்பல் என்று போகிற வரிசையில் எட்டாவது, ஒரு நிலையை எட்ட முடியாமல் போவது. ஒன்பதாவது, எட்டிய நிலையில் நிற்க முடியாமல் போவது. உங்களுடையது அந்த ஒன்பதாவது. அத்தனை பழைய காலத்திலேயே பட்டியலில் ஏறியிருக்கிறது என்றால் எத்தனை பேருக்கு இது நடந்திருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

அடுத்து உங்கள் ஆசனம். யோக சூத்திரத்தில் மொத்தம் 195 அல்லது 196 சூத்திரங்கள், பதிப்பைப் பொறுத்து. அதில் ஆசனத்துக்கென்று இருப்பது 3தான். முதலாவது சொல்வது, ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும். அதற்கு அடுத்தது, முயற்சியைத் தளர்த்தச் சொல்கிறது. சுகம் என்பது பயிற்சியெல்லாம் முடிந்தபின் கிடைக்கும் கூலி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவர் அதை ஆசனம் என்றால் என்ன என்று சொல்கிற இடத்திலேயே வைத்துவிட்டார். சுகம் இல்லாமல் ஒரு நிலையில் நின்றால், நீங்கள் நிற்பது ஆசனமே இல்லை.

எனக்கு இது புரிய எட்டு வருடம் ஆயிற்று. காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிகிற பச்சிமோத்தாசனத்தில் நெற்றி முழங்காலைத் தொடும், எல்லாரும் பாராட்டுவார்கள். ஒரு நாள் என் ஆசிரியர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்படியே இருந்துகொண்டு இன்றைக்கு என்ன கிழமை என்று சொல்" என்றார். சொன்னேன். தொண்டையை யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு குரல் வந்தது. "சாதாரணமாகப் பேசுகிற குரல் வரும்வரை பின்னால் வா" என்றார். ஒரு சாண் பின்னால் வர வேண்டியிருந்தது. அந்த ஒரு சாணும் நான் வருடக்கணக்காகப் பல்லைக் கடித்துச் சேர்த்தது. அன்றைக்குத்தான் தாடை, நாக்கு, கால் கட்டைவிரல் எல்லாம் இறுகிக் கிடந்தது தெரிந்தது. இதை நான் குரல் சோதனை என்று சொல்வேன். நீங்களும் ஒவ்வொரு ஆசனத்திலும் ஒரு வாக்கியம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

மூச்சைப் பற்றி. திருமூலர் பிராணாயாமத்துக்குச் சொன்ன கணக்கு, உள்ளிழுக்க 16 மாத்திரை (மாத்திரை என்பது பழைய கால அளவு), உள்ளே நிறுத்த 64, வெளிவிட 32. அந்த 64ஐ ஆசிரியர் துணையில்லாமல் தொடவே வேண்டாம், இதை அழுத்திச் சொல்கிறேன். எடுத்துக்கொள்ள வேண்டியது மற்ற இரண்டும்தான். வெளிமூச்சு உள்மூச்சைப்போல இரண்டு மடங்கு. மூச்சை வெளியே விடும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் மெதுவாகும், உள்ளே இழுக்கும்போது கொஞ்சம் கூடும். மூளையிலிருந்து இதயத்துக்கு வருகிற வேகஸ் நரம்பு செய்கிற வேலை. வெளிமூச்சு நீண்டால் உடம்பு தானாக அமைதிப் பக்கம் சாயும். 4 எண்ணி இழுத்து 8 எண்ணி விடுங்கள். ஒரு எண் ஒரு நொடி என்றால் நிமிடத்துக்கு 5 மூச்சு. தலை சுற்றினால் உடனே சாதாரண மூச்சுக்கு வந்துவிடுங்கள்.

இப்போது முக்கியமான இடம். 8 முடிந்ததும் அவசரமாக அடுத்ததை இழுக்காதீர்கள். நிறுத்தியும் வைக்க வேண்டாம். சும்மா இருங்கள். வயிறு உள்ளே தாழ்ந்திருக்கும். மூக்கு நுனியில் இருந்த வெதுவெதுப்பு அடங்கும். தோள்பட்டை தன் எடையைத் தரைக்குக் கொடுத்துவிடும். அடுத்த மூச்சு வேண்டும் என்ற எண்ணம் இன்னும் பிறந்திருக்காது. ஒரு நொடியோ இரண்டு நொடியோ அப்படி இருக்கும். அப்புறம் மூச்சு தானாக வரும். நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். "இரண்டு சொட்டுக்கு நடுவில்" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு மழை உங்களுக்கு இதைத்தான் செய்து காட்டியது. அடுத்த சொட்டு எப்போது என்று நீங்கள் கேட்கவில்லை. கைபேசியில் ஓடவிட்ட மழையை மட்டும் "எங்கே, கொடு" என்று கேட்டுக்கொண்டே கேட்டீர்கள்.

சூரிய நமஸ்காரத்தை 6 ஆக்குங்கள். மிச்ச நேரத்தைச் சவாசனத்துக்குக் கொடுங்கள், 10 நிமிடத்துக்குக் குறையாமல். டிக் நோட்டை ஒரு மாதம் பூட்டி வையுங்கள்.

தாழ்வாரம் பதில்:

அக்கா சொன்ன எல்லாமே சரி, ஒன்றைத் தவிர. எண்ணுவது எல்லாருக்கும் ஒத்துவராது. நான் எண்ண ஆரம்பித்தால் நெற்றி சுருங்கிவிடும். எனக்கு மூச்சைத் தொடாமல் கவனிப்பதுதான் உதவியது. இரண்டையும் செய்து பாருங்கள், எதில் முகம் தளர்கிறதோ அது உங்களுடையது.

நான் 10 நாள் மௌனப் பயிற்சிக்கு இரண்டு தடவை போனவன். முதல் தடவை ஆறாம் நாள் எனக்கும் உங்களுக்கு வந்த மாதிரி ஒன்று வந்தது, முதுகெலும்பு முழுக்கக் குளிர்ந்த நீர் இறங்குவது போல. இரண்டாம் தடவை போனதே அதைத் திரும்ப வாங்கத்தான். ஆறாம் நாள் எப்போது வரும் என்று ஐந்து நாள் காத்திருந்தேன். ஆறாம் நாள் முழங்கால் வலி மட்டும்தான் வந்தது. ஏழாம் நாள் மதியம் அறைக்கு வந்து, யாருக்கும் கேட்காமல் அழுதேன்.

பிறகு படித்தபோது ஒன்று தெளிந்தது. பௌத்தத்தில் தியானத்தில் வரும் மகிழ்ச்சியை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று பாலி மொழியில் பீதி. தமிழில் நாம் பயத்துக்குச் சொல்கிற பீதி வேறு, இது ப்ரீதி என்ற சொல்லின் பாலி வடிவம். இன்னொன்று சுகம். பாலைவனத்தில் தாகத்தோடு நடக்கிறவன் தூரத்தில் குளத்தைப் பார்க்கும்போது வருவது பீதி. நிழலுக்குள் போய், தண்ணீர் குடித்து உட்காரும்போது வருவது சுகம் என்று பழைய உரை ஒன்று சொல்கிறது. முதலாவதில் சிலிர்ப்பு, கண்ணீர் எல்லாம் இருக்கும். இரண்டாவது சத்தமே போடாது. நான் முதலாவதையே எதிர்பார்த்து உட்கார்ந்திருந்ததால் இரண்டாவது வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. முழங்கால் வலித்த அந்த ஆறாம் நாளிலும் மாலையில் படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பு மாட்டும்போது ஒரு நிம்மதி இருந்தது. இன்றைக்கும் அந்தப் படியின் சூடு ஞாபகம் இருக்கிறது. அப்போது அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்னொன்று. அந்த அனுபவத்துக்கு ஆசைப்பட்டதே தப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். புத்தர் ஆறு வருடம் உடம்பை வருத்திப் பார்த்து, அதில் ஒன்றும் இல்லை என்று கண்டபோது, சின்ன வயதில் அப்பா வேலையில் இருக்க, தான் ஒரு நாவல் மர நிழலில் உட்கார்ந்திருந்தபோது வந்த மகிழ்ச்சி அவருக்கு நினைவு வருகிறது. இந்தச் சுகத்துக்கு நான் ஏன் பயப்பட வேண்டும், இதில் கெடுதல் ஒன்றும் இல்லையே என்று தன்னையே கேட்கிறார். அந்த நினைவிலிருந்துதான் வழி திறக்கிறது. ஆனால் பாருங்கள், அவர் அந்த நாவல் மரத்தைத் தேடித் திரும்பிப் போகவில்லை. உட்கார்ந்தது ஓர் அரசமரத்தடியில். உங்கள் மழைநாளையும் அப்படி எடுத்துக்கொள்ளுங்கள் சகோதரி. திசை தெரிந்துவிட்டது. மரம் வேறாக இருக்கட்டும்.

இரவுப் பணி பதில்:

மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். ஒன்று கேட்க வேண்டும், தப்பாக நினைக்காதீர்கள். பாய்மேல் மட்டும்தான் வறட்சியா, மற்றதிலும் அப்படியா? பிடித்த பாட்டு, பிடித்த ஆள், நல்ல தூக்கம் எதிலுமே ருசி இல்லை, நாளின் பெரும்பகுதி மனசு கனத்துக் கிடக்கிறது, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்கிறது என்றால் அது பயிற்சியின் குறை இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். தியானத்தைக் கூட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அப்படிக் கூட்டிக்கொண்டே போய்த் தாமதமாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

சிலருக்குக் கண்ணை மூடி அதிக நேரம் உட்கார்ந்தால் பதற்றம் கூடும். அப்படி இருந்தால் நேரத்தைக் குறையுங்கள், கண்ணைத் திறந்து வையுங்கள், இல்லை நடந்துகொண்டே செய்யுங்கள்.

நாற்காலி பதில்:

மகன் சொன்னதைப் பற்றி மட்டும். பதஞ்சலி அந்த 9 தடைகளைச் சொன்ன கொஞ்சத்திலேயே மனம் தெளிய நான்கு வழி சொல்கிறார். சுகமாக இருப்பவரோடு நட்பு, துன்பத்தில் இருப்பவரிடம் கருணை, நல்லது செய்பவரைக் கண்டு மகிழ்ச்சி, தீயது செய்பவரிடம் அமைதியாக ஒதுங்கி இருப்பது. மூன்றாவதற்கு முதிதை என்று பெயர். எனக்கு மூட்டு பிரச்சினை, ஆசனமே செய்ய முடியாது, நாற்காலியில் உட்கார்ந்து இது ஒன்றைத்தான் நாலு வருடமாகச் செய்கிறேன். இரவில் அன்றைக்கு நான் பார்த்த யாரோ ஒருவருடைய நல்லதை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் அதிலேயே இருப்பேன். முதலில் வாய்தான் சொல்லும், மனசு வராது. என்னோடு வேலையில் சேர்ந்தவருக்குக் கிடைத்த பதவி உயர்வை எடுத்துக்கொண்டு இதைச் செய்ய எனக்கு மூன்று மாதம் பிடித்தது. ஒரு நாள் அவர் முகம் நினைவுக்கு வந்ததும் எனக்கே சிரிப்பு வந்தது, உண்மையான சிரிப்பு. மகனை வைத்து ஆரம்பியுங்கள். பிள்ளை விஷயத்தில் இது சீக்கிரம் வரும்.

மூன்றாவது மாடி, 24 நாள் கழித்து:

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் எழுதவில்லை, செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

இரவுப் பணி தோழிக்கு முதலில். நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். மற்றதில் ருசி இருக்கிறது. பாட்டுக் கேட்டால் நேரம் போவதே தெரியாது, நன்றாகத் தூங்குகிறேன். வறட்சி பாய்மேல்தான். கேட்டதற்கு நன்றி, யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

நோட்டை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். முதல் நான்கு நாள், வீட்டைப் பூட்டாமல் வெளியே வந்த மாதிரி இருந்தது. அப்புறம் மறந்துவிட்டது.

குரல் சோதனைதான் பெரிய விஷயம். முதல் நாள் பச்சிமோத்தாசனத்தில் என்ன வாக்கியம் சொல்வது என்று தெரியாமல் மகன் பெயரைச் சொன்னேன். நெரிந்த குரல்தான். பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தவன் "என்னம்மா ஆச்சு?" என்று பதறி எழுந்து வந்துவிட்டான். விஷயத்தைச் சொன்னேன். மறுநாளிலிருந்து அவனே நடுவராகிவிட்டான். படுக்கையில் இருந்தபடியே "இன்னும் டைட்டா இருக்கும்மா, பின்னாடி வா" என்பான். ஒரு சாண் இல்லை, எனக்கு ஒன்றரைச் சாண் பின்னால் வர வேண்டியிருந்தது. நெற்றிக்கும் முழங்காலுக்கும் நடுவே அவ்வளவு இடம் இருக்கிறது, அந்த இடத்தில் என் மூச்சு போய் வருவது தெரிகிறது. மூன்றரை வருடத்தில் பச்சிமோத்தாசனத்தில் என் மூச்சை நான் கேட்டதே இல்லை.

4க்கு 8 எனக்கு ஒத்துவந்தது. நெற்றி சுருங்கவில்லை. வெளிமூச்சு முடிகிற இடம் சில நாள் தட்டுப்படுகிறது, சில நாள் இல்லை. மழைநாள் வந்தது போல எதுவும் வரவில்லை. தாழ்வாரம் சகோதரர் சொன்ன அந்தச் சத்தம் போடாத சுகம் இதுதானா என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் சவாசனம் முடிந்ததும் உடனே எழுந்திருக்க மனம் வருவதில்லை. முன்பெல்லாம் கண் திறக்கும்போதே கை கடிகாரத்தைத் தேடும்.

போன செவ்வாய்க்கிழமை குரல் சாதாரணமாக வந்தது. அவன் பெயரைச் சொன்னேன், பதிலே இல்லை. தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் போர்வையை இழுத்துக்கொண்டு வந்து பாய்க்குப் பக்கத்தில் வெறும் தரையில் படுத்துக்கொண்டான். ஒன்றும் பேசவில்லை. நான் சவாசனத்துக்குப் போனேன். அவன் மூச்சு என்னுடையதைவிட வேகமாக இருந்தது, பிறகு மெதுவாயிற்று. நாற்காலி ஐயா, நீங்கள் சொன்ன முதிதையை நான் அன்றைக்குத் தனியாகச் செய்ய வேண்டியிருக்கவில்லை.

வெளிமூச்சு அக்காவிடம் ஒரு கேள்வி. வெளிமூச்சு முடிந்த இடைவெளி சில சமயம் நீளும்போது லேசாகப் பயம் வருகிறது, அடுத்த மூச்சு வராமலே போய்விடுமோ என்று. அப்போது என்ன செய்வது?

வெளிமூச்சு பதில்:

உடனே மூச்சை எடுத்துக்கொள்ளுங்கள், கண்ணையும் திறந்துகொள்ளுங்கள். பயத்தோடு அந்த இடத்தில் நிற்கவே கூடாது. 8ஐ 6 ஆக்கி ஒரு வாரம் செய்யுங்கள். ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டால், நீங்கள் ஒன்றும் செய்யாமலே அது திரும்ப மேலே எழும்புவது கைக்குத் தெரியும். பத்திருபது தடவை கை அதைப் பார்த்துவிட்டால் பயம் குறைந்துவிடும். அப்புறம் 8க்குத் திரும்பலாம், இல்லை 6லேயே இருந்துவிடலாம், ஒன்றும் குறைந்துபோகாது.

மகன் படுப்பதற்கு ஒரு விரிப்பு போடுங்கள். வெறும் தரை குளிரும்.